‘ராவிலே ஒரு மாத்திரை’ என்றால் காலையா, இரவா? காந்தலூரை வைத்து ஹெல்த் லிட்ரசியைப் புரிந்துகொள்வோம்

மருந்து கொடுப்பவர் ‘ராவிலே ஒண்ணு’ என்கிறார். நீங்கள் அந்த மாத்திரையை எப்போது போடுவீர்கள்?

தேனி, மதுரைப் பக்கத்து ஆள் என்றால் ராத்திரி போடுவீர்கள். மலையாளம் தெரிந்தவர் என்றால் காலையில் போடுவீர்கள். மலையாளத்தில் ‘ராவிலே’ என்றால் காலை. நம் பேச்சுத் தமிழில் ‘ராவுல’, ‘ராவிலே’ என்றால் இரவு. இதேபோல மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல், ‘சும’ என்றால் இருமல், ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். ‘மருந்து கழிச்சோ?’ என்று கேட்டால் ‘மருந்து சாப்பிட்டாச்சா?’ என்று அர்த்தம். தமிழில் ‘கழிப்பது’ என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சில வகை சுகர் மாத்திரைகளைக் காலை உணவோடு எடுக்க வேண்டும். அதை ராத்திரி, சரியாகச் சாப்பிடாமல் போட்டுக்கொண்டு படுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரை போகலாம். அப்போது யாருக்கும் சிரிப்பு வராது.

தமிழ் பேசும் மக்கள் கேரள அரசின் சுகாதார அமைப்புக்குள் வாழும் ஊர்களில் காந்தலூரும் ஒன்று. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், அறிவிப்புப் பலகை மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில். ‘ஹெல்த் லிட்ரசி’, அதாவது சுகாதார எழுத்தறிவு என்றால் என்ன, அது ஏன் படிப்பறிவிலிருந்து வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கஷ்டம்.

காந்தலூர் எங்கே இருக்கு?

கேரளாவின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. மறையூரிலிருந்து சுமார் 15 கி.மீ. மேலே ஏறினால் காந்தலூர். மூணாறு போய்விட்டு அப்படியே ஆப்பிள், பிளம்ஸ் தோட்டம் பார்க்கப் போயிருந்தால் உங்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமங்களுக்கான தங்க விருது இந்த ஊருக்குக் கிடைத்தது. காந்தலூர், வட்டவடை மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்தப் பூண்டு காலங்காலமாகப் போகும் சந்தை தேனி மாவட்டத்து வடுகபட்டி.

அஞ்சுநாடு என்று சொல்லப்படும் இந்த மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. முதுவான் பழங்குடி மக்களின் குடிகளும் இங்கே உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். தேவிகுளம் தாலுகாவில் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

இப்போது மருத்துவமனைக் கணக்குக்கு வருவோம். மறையூரிலிருந்து மூணாறு சுமார் 40 கி.மீ. அதே மறையூரிலிருந்து சின்னார் காட்டு வழியாக உடுமலைப்பேட்டையும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். மாவட்டத் தலைநகரான பைனாவுக்குப் போக வேண்டும் என்றால் 100 கி.மீ.க்கு மேல் மலைப்பாதை. அதனால் பலருக்குச் சின்ன விஷயத்துக்கு உள்ளூர் அரசு மையம், பெரிய விஷயத்துக்கு உடுமலை என்பது வழக்கம். ஒரே ஆளுக்கு இரண்டு மாநிலங்கள், இரண்டு மருத்துவர்கள், இரண்டு மருந்துச் சீட்டுகள். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத இரண்டு ஃபைல்கள்.

கேரளாவில் 94% பேர் படித்தவர்கள்தானே, அப்புறம் என்ன பிரச்சினை?

நல்ல கேள்வி. 1991 ஏப்ரல் 18-ல் கேரளா முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் கேரளாவின் எழுத்தறிவு 94%. இடுக்கி சுமார் 92%. கேரள மாவட்டங்களில் கடைசி இடத்தில் இருக்கும் வயநாடுகூட சுமார் 89%. தமிழ்நாட்டின் சராசரி 80%.

ஆனால் இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 7 வயதுக்கு மேற்பட்ட ஒருவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். ‘ஏதாவது ஒரு மொழியில்’ என்பதுதான் இங்கே முக்கியம்.

தமிழ் வழியில் படித்த காந்தலூர்ப் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் தினமும் தமிழ்ப் பேப்பர் படிக்கிறார். கணக்கெடுப்பில் கேரளாவின் அந்த 94%-க்குள் அவரும் இருக்கிறார். அதே பெரியவர் கையில் மலையாளத்தில் அச்சடித்த ஒரு நோட்டீஸையும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு மருந்துச் சீட்டையும் கொடுத்தால், அந்த இரண்டு தாள்களையும் பொறுத்தவரை அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். காது பழகியிருக்கும், மலையாளம் பேசினால் புரிந்துகொள்வார். ஆனால் எழுத்து வேறு. எண் பொய் சொல்லவில்லை. அந்த எண் கேட்ட கேள்வி வேறு, நமக்கு வேண்டிய கேள்வி வேறு.

தேசியக் குடும்ப நல ஆய்வும் இப்படித்தான். உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை எல்லாம் அளக்கிறார்கள். ஒரு வாக்கியத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லி எழுத்தறிவையும் பார்க்கிறார்கள். மருந்துக் கவரைக் கொடுத்து ‘இதை எப்படிச் சாப்பிடுவீங்க?’ என்று கேட்பதில்லை. அந்த ஆய்வின் 5-வது சுற்றில் கேரளாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை அதிகம் அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறார். அதாவது தினமும் தானாகவே நேரம் பார்த்து மாத்திரை போட வேண்டியவர்கள் இத்தனை பேர். சரியாகப் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த ஆய்வில் தேடினால் கிடைக்காது.

அப்படியென்றால் சுகாதார எழுத்தறிவு என்பது என்ன?

1974-ல் ஸ்காட் சைமண்ட்ஸ் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பேராசிரியர்தான் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தினார். எளிமையாகச் சொன்னால், உடல்நலம் பற்றிய தகவலைத் தேடிப் பெற்று, புரிந்துகொண்டு, சரியா தவறா என்று எடைபோட்டு, அதன்படி நடக்கும் திறன். 2000-ல் டான் நட்பீம் என்ற ஆய்வாளர் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். நம் ஊர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

முதல் படி, அடிப்படைப் பயன்பாடு. சீட்டில் ‘1-0-1’ என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று தெரிவது.

இரண்டாம் படி, பேசும் திறன். ‘டாக்டர், எனக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போகுது, இதுவும் சேர்த்து சாப்பிடலாமா?’ என்று கேட்கத் தயங்காமல் இருப்பது.

மூன்றாம் படி, எடைபோடும் திறன். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்பையோ, கடையில் விற்கும் டப்பாவில் எழுதியிருப்பதையோ அப்படியே நம்பாமல் யோசிப்பது.

மூன்றாம் படிக்கு ஒரு சமீபத்திய உதாரணம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.-க்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஃபார்முலா ஒன்று உண்டு. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். ஆனால் அதைவிடப் பல மடங்கு சர்க்கரை கலந்த பானங்கள் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பட்டம் வாங்கிய பெற்றோர்கள்தான் அதுவரை அந்த அட்டைப்பெட்டியை நம்பிக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் இது கிராமத்துப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் 8 ஐரோப்பிய நாடுகளில் எடுத்த ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, அதாவது 47% பேருக்கு, சுகாதார எழுத்தறிவு போதுமான அளவில் இல்லை.

மொழியை மாற்றினால் போதுமா?

போதாது. 2006-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மூன்று மாநிலங்களில் 395 நோயாளிகளிடம், அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே, மருந்து பாட்டில் லேபிள்களைக் காட்டினார்கள். ஒரு லேபிளில் ‘இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு முறை’ என்று இருந்தது. எழுத்தறிவு குறைவாக இருந்தவர்களில் 71% பேர் அதைச் சரியாக வாய்விட்டுச் சொன்னார்கள். ‘சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு எண்ணிக் காட்டுங்க’ என்றதும் சரியாக நான்கு மாத்திரையை எடுத்துக் காட்டியவர்கள் 35% பேர்தான்.

படிக்கத் தெரிவதற்கும் செய்யத் தெரிவதற்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி. அதில் வேற்று மொழியும் வேற்று எழுத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மக்களுக்குக் கணக்கு வராது என்பதல்ல காரணம். பூண்டை மூட்டை கட்டி சந்தைக்கு அனுப்பி, வண்டி வாடகை, கமிஷன், எடைக் கழிவு எல்லாம் போக கையில் எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்குப் போடும் விவசாயிக்கு 1-0-1 பெரிய விஷயமே இல்லை. அதை யாரும் அவருக்குப் புரியும் வடிவத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்வதற்கு நேரமும் இல்லை. 67 நாடுகளின் தரவுகளை அலசி 2017-ல் வெளியான ஒரு ஆய்வின்படி இந்தியாவில் ஆரம்ப சிகிச்சை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஏறக்குறைய 2 நிமிடம். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதத்தை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள், நினைவில் நிற்பதிலும் பாதி தப்பாகத்தான் நிற்கிறது என்கிறது 2003-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை.

மருந்துச் சீட்டில் இருக்கும் சங்கேதங்கள்

நீங்கள் கோவையிலோ சென்னையிலோ பெங்களூருவிலோ ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் மருந்துச் சீட்டின் போட்டோ வந்திருக்கும். ‘இது எப்பப் போடணும்னு பாரும்மா’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்திருக்கும். அந்தச் சீட்டில் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் லத்தீன் மொழிச் சுருக்கங்கள். மருத்துவம் படிக்காத யாருக்கும் இவை இயல்பாகப் புரியாது, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும்.

• ஓ.டி. – நாளைக்கு ஒரு முறை
• பி.டி. – நாளைக்கு இரண்டு முறை
• டி.டி.எஸ். – நாளைக்கு மூன்று முறை
• ஹெச்.எஸ். – தூங்கப் போகும்போது
• ஏ.சி. – சாப்பாட்டுக்கு முன்
• பி.சி. – சாப்பாட்டுக்குப் பின்
• எஸ்.ஓ.எஸ். – தேவைப்பட்டால் மட்டும்

கடைசியாக இருப்பதைக் கவனியுங்கள். எஸ்.ஓ.எஸ். என்றதும் ‘ஆபத்து, உடனே போடணும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வலியோ காய்ச்சலோ இருந்தால் போடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்பதே அதன் பொருள்.

அளவுகளிலும் சிக்கல் உண்டு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. ‘ஒரு ஸ்பூன் குடு’ என்று மட்டும் நினைவு வைத்திருந்தால், பாட்டில் மாறும்போது மருந்து இரண்டு மடங்காகிவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கானதும் உண்டு, 200 மி.லி.க்கானதும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பின் அளவு கூடி குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

இரண்டு மாநிலங்களில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் வரும். இங்கே எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையும் அங்கே எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையும் நிறம் வேறு, அட்டை வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கிவிடும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது இந்த மாதிரிக் குழப்பங்களைத் தவிர்க்கவும் உதவும்.

எழுத்தே இல்லாமல் சொல்ல முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. கேரள சுகாதாரத் துறை 2024-ல் ஆன்டிபயாடிக் மருந்துகளை நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. கவர் நீலம் என்றால் இது சாதாரண மாத்திரை இல்லை, பாதியில் நிறுத்தக் கூடாது, மிச்சம் வைத்து அடுத்த முறை போடக் கூடாது என்பது செய்தி. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய சிவப்புக் கோடு பிரச்சாரமும் இதே யோசனைதான். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. இந்த இரண்டையும் தமிழ் தெரிந்தவரும் மலையாளம் தெரிந்தவரும் எழுத்தே தெரியாதவரும் ஒரே மாதிரி பார்க்க முடியும்.

காந்தலூர் போன்ற காய்கறி பூமியில் நிறத்தில் சொல்லும் இன்னொரு செய்தியும் வீட்டுக்குள் இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணம். சிவப்பு, மிகக் கொடிய விஷம். மஞ்சள், கொடிய விஷம். நீலம், நடுத்தர விஷம். பச்சை, குறைந்த விஷம். இங்கேதான் நிறத்தின் எல்லையும் தெரிகிறது. பச்சை என்றால் பாதுகாப்பு என்று நினைத்துக் கையுறை இல்லாமல் கலக்கினால்? பச்சை முக்கோணம் இருந்தாலும் அது விஷம்தான். ஒரே வீட்டில் மருந்துக் கவரில் இருக்கும் நீலத்துக்கு ஒரு அர்த்தம், பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் நீலத்துக்கு வேறு அர்த்தம். நிறமும் ஒரு மொழிதான். யாராவது ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் க்யூஆர் கோடு கட்டாயமாகியிருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் வரும். மருந்து அசலா என்று பார்க்க நல்ல வழி. ‘எப்படிச் சாப்பிடணும்’ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

முதுவான் மக்கள் பேசுவது தமிழுக்கு நெருக்கமான மொழி, ஆனால் அதற்குத் தனி எழுத்து கிடையாது. அவர்களுக்குத் தமிழில் ஒரு பலகை வைத்தாலும் பாதித் தீர்வுதான். பேச்சில் சொல்லி, கையில் காட்டித்தான் ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969. அதன் 3-வது பிரிவில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஒரு உரிமை இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் அது பேசுவது கடிதப் போக்குவரத்தைப் பற்றி. மருந்துக் கவர் கடிதம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியும் மனுவுக்கு வந்த பதில் இல்லை. பட்டா கேட்டுத் தமிழில் எழுத உரிமை இருக்கும் ஒருவருக்கு, மாத்திரை எப்போது போட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வாங்க அதே அளவு தெளிவான உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை.

ஒரு வழி இருக்கிறது. 1990-களின் அதிகாரப் பரவலுக்குப் பிறகு கேரளாவில் ஆரம்ப சுகாதார மையங்கள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வருகின்றன. காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, சூரியன், நிலா படம் போட்ட ஒரு மருந்துக் கவருக்கு டெல்லியிலிருந்து ஆணை வர வேண்டியதில்லை. கிராம சபையில் யாராவது எழுந்து கேட்டால் பஞ்சாயத்துத் திட்டத்திலேயே அதைச் சேர்க்க முடியும்.

‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்வது சரியா?

இந்த வார்த்தையைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். இதே எல்லையின் வடக்குப் பக்கம், பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகளின் தொடர் மரணங்கள் நாடு முழுக்கச் செய்தியாயின. தாய்மார்களின் ரத்தசோகை, சத்துக்குறைவு, கையை விட்டுப் போன நிலம், குறைந்துபோன சிறுதானியச் சாகுபடி எல்லாம் அப்போது பேசப்பட்டன. சாப்பாடு இல்லாத வீட்டில் ‘சத்தான உணவு சாப்பிடுங்கள்’ என்று எழுதிய போஸ்டரை எந்த மொழியில் ஒட்டினாலும் பயன் இல்லை. சாலை, உணவு, ஆள் ஆகிய மூன்றும் இல்லாத குறையை மக்களின் அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம்.

அதனால்தான் 2020-ல் அமெரிக்க அரசு தன் பத்தாண்டு சுகாதார இலக்குகளில் சுகாதார எழுத்தறிவுக்கு இரண்டு விளக்கங்கள் கொடுத்தது. ஒன்று, தனிமனிதரின் திறன். இன்னொன்று, மருத்துவமனை போன்ற அமைப்புகளின் பொறுப்பு. தாள் புரியவில்லை என்றால் படிப்பவரை மட்டும் சோதிக்காமல், தாளையும் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம்.

நம் ஊரில் இந்த இடைவெளியை இப்போது நிரப்புவது பெரும்பாலும் ஆஷா பணியாளர்கள். 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தின் கீழ் வந்தவர்கள். வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டு மொழியில் பேசுகிறவர்கள். அரசுக் கணக்கில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வலர்கள். மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு கேரள ஆஷா பணியாளர்களில் ஒரு பகுதியினர் 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகம் முன் தொடங்கிய போராட்டம் 8 மாதங்களுக்கு மேல் நீண்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஊர்ப் பெண்களையே நம்பியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி இருந்தால், இந்த வாரக் கடைசியில் செய்துவிடலாம்.

1. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ‘ம்’ என்றுதான் சொல்வார்கள். ‘நாளைக்கு எப்படிப் போடப் போறீங்க, எனக்கு ஒருதடவை சொல்லுங்க’ என்று கேளுங்கள். முடிந்தால் வீடியோ காலில் மாத்திரையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சுகர் நோயாளிகளிடம் 2003-ல் செய்த ஒரு அமெரிக்க ஆய்வில், மருத்துவர்கள் இப்படித் திருப்பிச் சொல்லவைத்துப் பார்த்தது ஐந்தில் ஒரு சந்திப்பில்தான். ஆனால் அப்படிப் பார்த்த மருத்துவர்களின் நோயாளிகளுக்கு சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

2. வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும், இரண்டு மாநிலத்து மருந்துகளையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். சந்தேகம் வந்தது என்பதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

3. ஒரு தாளில் தமிழில் பட்டியல் போடுங்கள். மருந்தின் மூலப்பெயர், எதற்காக, எப்போது, எத்தனை. இந்த நான்கு போதும். ஃப்ரிட்ஜ் மேலோ காலண்டர் பக்கத்திலோ ஒட்டி, போட்டோவைக் குடும்ப குரூப்பில் பின் செய்துவிடுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் மேலே பெரிதாக எழுதுங்கள்.

4. மாத்திரை அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் சூரியன், நிலா வரையுங்கள். காலாவதித் தேதியை மறைத்துவிட வேண்டாம். சிரப்புக்கு ஸ்பூனை விட்டுவிட்டு, மி.லி. கோடு போட்ட மூடியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

5. எண்களைப் போனில் பதிந்து கொடுங்கள். ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாநிலத்திலும் 108. மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, கேரளாவில் திஷா உதவி எண் 1056. மனநல உதவிக்கு 14416, இதில் தமிழிலேயே பேசலாம்.

6. மருந்துக் கவுன்டரில் வயதானவர்கள் கேட்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் பழக்கிவிடுங்கள்: ‘இதைத் தமிழ்ல ஒருதடவை சொல்லுங்க, வெளிச்சம் வரும்போதா, இருட்டுன பிறகா?’ அப்படிக் கேட்டால் ‘ராவிலே’ எந்தப் பக்கம் போனாலும் குழப்பம் வராது.